ஒளி மலிந்தது, வழி அரிதானது

தொலைத்தொடர்பு பற்றிய நம் பொதுப்பேச்சு பெரும்பாலும் காற்றைப் பற்றியதாகவே இருக்கிறது. அலைக்கற்றை ஏலம், ஐந்தாம் தலைமுறை, செயற்கைக்கோள் இணையம் என்று செய்தியில் அடிபடுவதெல்லாம் ரேடியோ அலைகளைச் சார்ந்தவை. ஆனால் செல்பேசியிலிருந்து கிளம்பும் ஒரு செய்தி காற்றில் போவது சில நூறு மீட்டரோ ஒன்றிரண்டு கிலோமீட்டரோதான். கோபுரத்திலிருந்து அப்பால் உள்ள தூரத்தின் பெரும்பகுதியை அது மண்ணுக்கடியிலும் கடலுக்கடியிலும் கிடக்கும் கண்ணாடி இழைக்குள் ஒளியாகக் கடக்கிறது. ஒளியிழை வந்ததால் வேகம் கூடியது என்பது எல்லோரும் அறிந்ததே. அதைவிடப் பெரிய மாற்றம், தொலைத்தொடர்பில் எது மலிவு, எது அரிது என்ற கணக்கு தலைகீழானது. ஒரு காலத்தில் தகவலைச் சுமக்கும் திறன் அரிதாக இருந்தது. இன்று இழையின் இரு முனைகளிலும் உள்ள கருவியை மாற்றினால் அந்தத் திறன் பத்து மடங்கு கூடுகிறது. அரிதாகிப் போனவை வேறு: தோண்டிய பள்ளம், அதில் புதைத்த குழாய், கடல்தரையில் ஒரு பாதை, அதற்கான அனுமதி, அறுந்தால் ஒட்டவரும் ஆளும் கப்பலும். நாடுகளின் தொலைத்தொடர்புக் கொள்கைகள் இந்த இடமாற்றத்தை எவ்வளவு புரிந்துகொண்டனவோ அவ்வளவுக்கே வென்றிருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் திறன் எப்படி மலிந்தது என்று பார்க்க வேண்டும். 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலிருந்த ஓர் ஆய்வகத்தில் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை ஓர் எளிய இலக்கை முன்வைத்தது. ஒரு கிலோமீட்டர் இழையைக் கடந்த பிறகு உள்ளே விட்ட ஒளியில் நூற்றில் ஒரு பங்கு எஞ்சினால் போதும், அதாவது இழப்பு 20 டெசிபெலுக்குள் நின்றால் போதும், செம்புக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பயன்படுத்தலாம் என்றார்கள். அன்றைய இழைகளில் இருபது மீட்டரிலேயே ஒளி அந்த அளவுக்கு மங்கிவிடும். குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் மாசுகளில்தான் என்பது காவின் கணிப்பு. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபெல் இழப்புள்ள இழையை உருவாக்கி அந்தக் கணிப்பை மெய்ப்பித்தார்கள். இன்றைய நெடுந்தொலைவு இழைகளில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெலுக்கும் குறைவு. காவ் ஒரு கிலோமீட்டருக்குக் கேட்ட அந்த நூற்றில் ஒரு பங்கு ஒளி, இப்போது நூறு கிலோமீட்டர் தாண்டியும் கிடைக்கிறது. காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கண்ணாடியின் வெற்றி என்று சொல்லி நிறுத்திவிடலாம்தான். ஆனால் தொழிலின் பொருளாதாரத்தை மாற்றியது அடுத்த கட்டம். 1988இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஒளியிழைக் கேபிளான டாட்-8 ஒரே நேரத்தில் சுமார் 40,000 தொலைபேசி உரையாடல்களைச் சுமந்தது. அதன் வழிநெடுக இருந்த ரிப்பீட்டர்கள் ஒவ்வொன்றும் வந்த ஒளியை மின்சாரமாக மாற்றி, சீர்செய்து, மறுபடி ஒளியாக்கி அனுப்பின. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் கடலடியில் கிடக்கும் எல்லா ரிப்பீட்டரையும் மாற்றியாக வேண்டும், நடக்கிற காரியமல்ல. 1987இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேனின் குழு எர்பியம் என்ற அருமண் தனிமம் கலந்த இழையைக் கொண்டு ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டியபோது இந்தத் தடை நீங்கியது. அந்தப் பெருக்கிக்கு உள்ளே ஓடுவது எந்த வேகம், எந்த வடிவம் என்ற கவலை கிடையாது. பல நிறங்களை, அதாவது பல அலைநீளங்களை, ஒரே இழையில் சேர்த்து விட்டாலும் எல்லாவற்றையும் ஒருசேரப் பெருக்கித் தரும். 1996இல் சியேனா நிறுவனம் ஒரே இழையில் 16 அலைநீளங்களை, ஒவ்வொன்றும் வினாடிக்கு 2.5 ஜிகாபிட் வேகத்தில், அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கேபிளின் திறனைத் தீர்மானிப்பவை இனி அதன் முனைகளே என்பது அன்றோடு முடிவாகிவிட்டது.

இந்த மாற்றத்தை முதலில் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் முதலீட்டாளர்கள். இணையப் போக்குவரத்து நூறு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற கதை 1990களின் கடைசியில் அமெரிக்காவில் வேதவாக்காக உலவியது. ஏடி அண்ட் டி ஆய்வகத்தின் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ கணக்குப் பார்த்து, ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் இரட்டிப்பாகிறது என்று காட்டினார், கேட்பார் இல்லை. ஆளாளுக்குப் பள்ளம் தோண்டி இழை போட்டார்கள். அதே நேரத்தில் அலைநீளப் பெருக்கம் ஒவ்வோர் இழையின் திறனையும் பல மடங்காக்கியது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கியதில் விலை சரிந்தது. 2002 ஜனவரியில் குளோபல் கிராசிங்கும் ஜூலையில் வேர்ல்டுகாமும் திவால் மனுக் கொடுத்தன. நிறுவனங்கள் போனாலும் கேபிள்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. பல நூறு கோடி டாலரில் போட்ட டைக்கோவின் உலகளாவியக் கடலடி வலையமைப்பை 2004இல் டாடா குழுமத்தின் விஎஸ்என்எல் 13 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. ஃபிளாக் என்ற மற்றொரு கடலடிக் கேபிள் வலையமைப்பை ரிலையன்ஸ் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கேபிள் 8.4 டெராபிட் வடிவமைப்புத் திறனோடு அதே 2002இல் செயல்பாட்டுக்கு வந்தது. அவ்வளவு திறனை நிரப்ப அன்று ஆளில்லை. சென்னையின் மென்பொருள், சேவைத் தொழில்கள் அடுத்த பத்தாண்டில் வளர்ந்ததற்குப் பின்னால் அமெரிக்க முதலீட்டாளர்களின் இந்த நட்டமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பொருளாதார வரலாற்றில் இப்படிப்பட்ட தானங்கள் அபூர்வம்.

அடுத்த பாய்ச்சல் 2008க்குப் பிறகு வந்தது. அதுவரை ஒளி எரிகிறதா அணைகிறதா என்பதை வைத்தே ஒன்றும் பூச்சியமும் குறிக்கப்பட்டன. ஒளியலையின் கட்டம், அது அதிரும் திசை ஆகியவற்றிலும் தகவலை ஏற்றி, மறுமுனையில் ஒரு சில்லின் கணக்கீட்டால் பிரித்தெடுக்கும் முறை வந்ததும், பத்து ஜிகாபிட் ஓடிய அலைநீளத்தில் நூறு ஜிகாபிட் ஓடியது. நெடுந்தொலைவில் இழை ஏற்படுத்தும் சிதைவுகளையும் அந்தச் சில்லே கணக்கிட்டுத் திருத்தியது. பழைய கேபிள்கள் மறுபிறவி எடுத்தன. இப்போது அதே வேலையைச் செய்யும் 400 ஜிகாபிட் கருவி விரல் நீளத்துக்குச் சுருங்கி, ரவுட்டரின் துளையிலேயே செருகப்படுகிறது. அதற்கென்று தனி அலமாரி தேவைப்படுவதில்லை. நடுவழி நிலையங்களில் ஒவ்வோர் அலைநீளத்தையும் மின்சாரமாக்காமல் ஒளியாகவே திசைதிருப்பும் சாதனங்கள் வந்துவிட்டதால் அங்கும் கருவிகள் குறைந்தன. ஆனால் இந்தப் பாதை முடிவில்லாதது அல்ல. இழைக்குள் ஒளியின் ஆற்றலைக் கூட்டக் கூட, கண்ணாடியே அலைகளை ஒன்றோடொன்று குழப்ப ஆரம்பிக்கிறது. ஒற்றை இழையின் நடைமுறைத் திறன் சில பத்து டெராபிட்டுகளில் தட்டி நிற்கிறது. அதனால்தான் புதிய கடலடிக் கேபிள்கள் இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. 2017இல் முடிந்த மரேயா கேபிளில் 8 இழை இணைகள். அதையடுத்து கூகுள் போட்ட டுனாண்டில் 12. ஆப்பிரிக்காவைச் சுற்றும் 45,000 கிலோமீட்டர் 2ஆப்பிரிக்கா கேபிளில் 16 வரை. முனைக் கருவியை மாற்றியே திறனைப் பெருக்கிய சொகுசுக் காலம் முடிவுக்கு வருகிறது என்றால், பாதையின் மதிப்பு இன்னும் ஏறும்.

தரையில் இந்த மாற்றம் கட்டடங்களையே காலி செய்கிறது. செம்புக் கம்பியில் சில கிலோமீட்டருக்கு மேல் குறிகை மங்கிவிடும். எனவே ஊருக்கு ஊர் தொலைபேசி நிலையம் தேவைப்பட்டது. வீடுகளுக்குப் போகும் ஃபைபர் இணைப்பில் ஓர் இழை இருபது கிலோமீட்டர் வரை எட்டும். வழியில் மின்சாரமே தேவைப்படாத ஒரு சிறு பிரிப்பான் அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்துவிடும். பிரிட்டனில் இருக்கும் சுமார் 5,600 தொலைபேசி நிலையங்களில் ஏறத்தாழ ஆயிரத்தை மட்டும் வைத்துக்கொள்வது அந்நாட்டுக் கம்பி வலையமைப்பு நிறுவனமான ஓப்பன்ரீச்சின் திட்டம். ஸ்பெயினின் டெலிஃபோனிகா எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட செம்பு நிலையங்களை மூடி 2025இல் அந்த அத்தியாயத்தை முடித்தது. இழை ஒருமுறை வீட்டுக்குப் போய்விட்டால் 2.5 ஜிகாபிட்டிலிருந்து பத்து ஜிகாபிட்டுக்கு மாற இரு முனைப் பெட்டிகளை மாற்றினால் போதும். தெருவைத் தொட வேண்டியதில்லை.

ஸ்பெயினை இன்னும் சற்று உற்றுப் பார்க்கலாம். அங்கே பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் ஃபைபர் எட்டுகிறது. ஸ்பெயின் ஜெர்மனியைவிடப் பணக்கார நாடு அல்ல, தொழில்நுட்பத்தில் முந்திய நாடும் அல்ல. 2009 வாக்கில் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு டெலிஃபோனிகாவின் நிலத்தடிக் குழாய்களைப் போட்டி நிறுவனங்கள் நியாயமான வாடகைக்குப் பயன்படுத்த வழி செய்தது. செலவில் பெரும்பகுதி தோண்டுவதில்தான் இருக்கிறது. தோண்டிய பள்ளம் பொதுவானதும் போட்டியாளர்கள் இழையை இழுத்துவிட்டார்கள், போட்டியைப் பார்த்த டெலிஃபோனிகாவும் இழுத்தது. ஜெர்மனியில் பழைய பொதுத்துறை நிறுவனம் செம்புக் கம்பியிலேயே வேகத்தைக் கூட்டும் நுட்பத்தில் பல ஆண்டுகள் பணம் போட்டது. வீட்டு ஃபைபரில் அந்த நாடு இன்றும் ஐரோப்பாவின் கடைசி வரிசையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் தெளிவானது. 2009இல் தொடங்கி, 93 விழுக்காடு வளாகங்களுக்கு ஃபைபர் என்று இலக்கு வைத்த திட்டத்தை 2013இல் வந்த அரசு செலவு அதிகம் என்று மாற்றியது. தெருமுனை வரை ஃபைபர், அதற்கப்பால் இருக்கும் செம்பு என்றது. 29.5 பில்லியன் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று சொன்ன மாற்றுத் திட்டம் ஐம்பது பில்லியனைத் தொட்டது. 2020இல் திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனமே, செம்பில் விட்டுவைத்த வீடுகளுக்கு ஃபைபர் போடுவது உள்ளிட்ட மேம்பாட்டுக்கு மேலும் 4.5 பில்லியன் ஒதுக்குவதாக அறிவித்தது. கையில் இருக்கும் செம்பை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி பாரத்நெட்டில் வந்து நிற்கிறது. இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்ற திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. முதல் கட்டத்தில், வட்டாரத் தலைமையிடம் வரை பிஎஸ்என்எல் ஏற்கெனவே வைத்திருந்த இழைகளைப் பயன்படுத்தி, அங்கிருந்து ஊராட்சிக்கு ஒற்றைக் கோடாகக் கேபிள் நீட்டினார்கள். காகிதத்தில் இது சிக்கனம். சாலை அகலப்படுத்தும் பொக்லைன் ஓரிடத்தில் இழையை அறுத்தால் அதற்கப்பால் உள்ள எல்லா ஊராட்சியும் இருண்டுபோகும் என்பதை அந்தச் சிக்கனம் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருங்கிணைப்பில்லாத தோண்டல்களால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று ஒன்றிய அரசே சொல்லி, தோண்டுவதற்கு முன் தகவல் தெரிவிக்கும் செயலி ஒன்றை 2023 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதலான திருத்திய பாரத்நெட், ஒற்றைக் கோட்டைக் கைவிட்டு வளைய அமைப்புக்கு மாறியது. வட்டாரத்திலிருந்து கிளம்பும் இழை ஊராட்சிகளைத் தொட்டு வேறு வழியாக வட்டாரத்துக்கே திரும்பும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் ஓடும். பத்தாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது. பாதையின் வடிவமும் அதைக் காப்பவரும்தான் உள்கட்டமைப்பு என்ற பாடத்தை அரசு கற்க ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் டான்ஃபினெட், கேபிளின் பெரும்பகுதியை மின்கம்பங்கள் வழியாக மேலே கொண்டுபோகிறது. தோண்ட வேண்டாம், அனுமதிக்கு அலைய வேண்டாம், அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அதே நேரம், தானே புயலையும் கஜா புயலையும் கண்ட மாநிலத்தில் மின்கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் ஒன்றாகப் போகும். வேகத்துக்காகக் கொடுத்த விலை அது. தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கரையோர மாவட்டங்களில் வேறு கணக்குப் போட்டிருக்கலாம்.

இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு வயர்லெஸ்ஸிலிருந்து வருகிறது. 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் தொடங்கிய ஐந்தாம் தலைமுறை வீட்டு இணைய சேவை, ஃபைபர் இழுக்க முடியாத வீடுகளில் ஒரு பெட்டியை வைத்து லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களைப் பிடித்துவிட்டது. அப்படியிருக்க ஃபைபர் எதற்கு என்று கேட்கலாம். ஒரு வீட்டின் தொலைக்காட்சி, வகுப்பு, அலுவலக வேலை எல்லாவற்றையும் கோபுரத்தின் மேல் ஏற்றினால் அந்தச் சுமை கோபுரத்திலிருந்து எப்படி வெளியேறும் என்பதே திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி. 2019இல் தொடங்கிய தேசிய அகலக்கற்றை இயக்கம் ஃபைபரால் இணைந்த கோபுரங்களின் பங்கை 30 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்தது. 2024 வரையிலும் பாதியை எட்டவில்லை. மற்றவை மைக்ரோவேவ் இணைப்பில் காலம் தள்ளுகின்றன. வயர்லெஸ் எவ்வளவு வெற்றி பெறுகிறதோ அவ்வளவு விரைவில் கோபுரத்துக்கு இழை தேவைப்படும். செயற்கைக்கோளுக்கும் கதை இதுதான். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தபோது, செயற்கைக்கோளை வைத்து அந்த நாடு உயிர்பிடித்து நின்றது உண்மை. கேபிளைச் சரிசெய்யும் வரை ஐந்து வாரம் மிகக் குறுகிய இணைப்போடு தவித்ததும் உண்மை. தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்கள் பலவும் இன்று லேசரால்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. தரைக்கு இறங்குமிடத்தில் ஃபைபரையே பிடிக்கின்றன. மலை, தீவு, கப்பல் ஆகியவற்றுக்கு அவை அருமருந்து. நகரத்துக்கு அல்ல.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது: இப்போது போடும் இழையே காலாவதியாகிவிட்டால்? உள்ளே கண்ணாடிக்குப் பதில் காற்றுக் குழல் கொண்ட இழைகள் ஆய்வகத்தைத் தாண்டி வந்துவிட்டன. அவற்றில் ஒளி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் போகிறது. மைக்ரோசாஃப்ட் 2022இல் இந்தத் துறையின் லுமெனிசிட்டி நிறுவனத்தை வாங்கியது. 2025இல் வெளியான முடிவுகளில் இழப்பு வழக்கமான கண்ணாடி இழையையும்விடக் குறைந்திருக்கிறது. மறுப்பு சரியானதுதான், ஆனால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. முனைக் கருவி ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகும், இழை இருபத்தைந்து முப்பது ஆண்டு தாங்கும், அதைப் போர்த்திய குழாயோ அதைவிட நீண்டு நிற்கும். எந்த அடுக்கு மெதுவாக மாறுகிறதோ அதில் பொதுப்பணம் போவதே முறை. காலியான குழாய் ஒன்றைக் கூடுதலாகப் புதைத்துவைத்த நாடு, புதிய இழை வரும் நாளில் இழுத்துவிட்டுப் போகும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. ஊராட்சி வரை போன இழைகள் பல இடங்களில் பயன்படாமல் கிடக்கின்றன; சேவை தயார் என்று கணக்கில் காட்டிய ஊராட்சிகள் பலவற்றில் பெட்டி பூட்டிக் கிடக்கிறது. திறன் மலிவு, பாதை அரிது என்றால் பாதை போட்ட இடத்தில் ஏன் ஆளில்லை? இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டது, வீட்டுக்குப் போகவில்லை. மின்சாரம் இல்லாத, பராமரிக்க ஆள் இல்லாத முனை எந்தத் தொழில்நுட்பத்திலும் செத்த முனைதான். திருத்திய திட்டம் ஒன்றரைக் கோடி கிராம வீட்டு இணைப்புகளை இலக்காக வைத்து, உள்ளூர்த் தொழில்முனைவோருக்கு வருவாயில் பங்கு கொடுப்பது இந்தக் குறையை ஒத்துக்கொண்டதால்தான். ஆனால் 2002இல் அட்லாண்டிக் கேபிள்களும் வெறுமனே கிடந்தன என்பதையும் மறக்கக்கூடாது. சும்மா கிடக்கும் இழைக்குப் பின்னால் பயன் வரலாம். போடாத இழைக்குப் பின்னால் எதுவும் வராது.

இந்த மலிவுக்கு ஒரு மறைமுக விலையும் உண்டு. ஒரே கேபிளில் இருநூறு டெராபிட் ஓட முடியும் என்றால், வணிகக் கணக்கு பல மெல்லிய கேபிள்களைவிடச் சில தடித்த கேபிள்களையே நாடும். அவற்றைப் போடும் வசதியுள்ளவர்களும் மாறிவிட்டார்கள். டாட்-8 தொலைபேசி நிறுவனங்களின் கூட்டுச் சொத்து. மரேயா மைக்ரோசாஃப்டும் ஃபேஸ்புக்கும் தொலைபேசி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து போட்டது. 2ஆப்பிரிக்காவின் பின்னணியில் மெட்டா. சர்வதேசக் கேபிள்களில் பயன்படும் திறனில் பாதிக்கும் மேல் இன்று இத்தகைய நிறுவனங்களுடையது. அவர்கள் தங்கள் தரவு மையங்களுக்கு இடையே பாதை போடுவார்கள். நமக்கு இரண்டாவது பாதை வேண்டும் என்று போடமாட்டார்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியாவுக்கு 17 சர்வதேசக் கேபிள்கள், 14 கரையேற்ற நிலையங்கள். பெரும்பகுதி மும்பையிலும் சென்னையிலும் குவிந்திருக்கிறது. மேற்கே போகும் கேபிள்களில் பெரும்பாலானவை செங்கடல் என்ற ஒரே இடுக்கில் நெருக்கியடித்துப் போகின்றன. 2024 பிப்ரவரியில் ஏவுகணைத் தாக்குதலுக்கு ஆளான ரூபிமார் கப்பலின் நங்கூரம் அங்கே இழுபட்டு மூன்று கேபிள்களை அறுத்ததாகக் கருதப்படுகிறது. 2025 செப்டம்பரில் ஜெட்டாவுக்கு அருகே மறுபடி அறுந்து இந்தியா, பாகிஸ்தான் இணைப்புகள் தள்ளாடின. அறுந்ததை ஒட்ட இந்தியக் கொடி பறக்கும் கப்பல் நம்மிடம் இல்லை. வெளிநாட்டுக் கப்பல் வந்து அனுமதி பெற்று வேலை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை டிராயே சுட்டிக்காட்டி மாற்றம் கேட்டிருக்கிறது.

எனவே உள்கட்டமைப்பின் தரத்தை அளக்க இன்று வேகம் போதுமான அளவுகோல் அல்ல. எத்தனை பாதைகள், அவை ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகி இருக்கின்றன, அறுந்த நேரத்திலிருந்து ஒட்டிய நேரம் வரை எவ்வளவு ஆகிறது என்பவற்றைத்தான் ஒழுங்குமுறை அமைப்பு கேட்டு வெளியிட வேண்டும். திருத்திய பாரத்நெட்டின் வளையத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தும். வளையத்தின் போகும் கையும் திரும்பும் கையும் ஒரே சாலையின் ஒரே பள்ளத்தில் படுத்திருந்தால், ஒரு பொக்லைன் ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்துவிடும். அங்கே இருப்பது பழைய ஒற்றைக் கோடுதான், செலவு மட்டும் இரட்டிப்பு. ஒப்பந்ததாரருக்குப் பணம் தருமுன் வட்டாரப் பொறியாளர் சாலையில் இறங்கிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.